கௌரி வீட்டுப் பின்படியும் ஏழாவது கதிரையும்

ஆனந்தராசா மொன்றியலுக்கு வந்த முதற் குளிர்காலத்திலேயே ஒரு கமிட்டியில் சேர்ந்துவிட்டார். பனிச்சப்பாத்து வாங்குவதற்கு முன்பே என்று அவருடைய மனைவி மாக்கிரட் சொல்வாள். செயின்ட்-மிஷேலில் ஒரே அறையில் இருந்த பெடியள், யார் என்றைக்குச் சமைப்பது என்று சண்டை பிடித்தபோது அதைத் தீர்க்க உண்டான கமிட்டி அது. இவர் செயலாளர். சண்டை கடைசிவரை தீரவில்லை. கூட்டங்கள் மட்டும் ஒழுங்காக நடந்தன.

அதற்குப் பிறகு அவர் கமிட்டி இல்லாமல் இருந்ததே கிடையாது. கோயில் அன்னதானக் கமிட்டி, பழைய மாணவர் சங்கம், விளையாட்டுப் போட்டிக் குழு, அந்தப் போட்டியில் நடந்த அடிபிடியை விசாரித்த குழு. இடையில் உணவகத்தில் கோப்பை கழுவினார், பஸ் கழுவினார், கடைசியில் பஸ் ஓட்டினார். மாக்கிரட்டைக் கலியாணமும் செய்தார். அவள் கத்தோலிக்கக் குடும்பம், இவர் சைவம். இரண்டு பகுதியும் எதிர்த்த கலியாணம் அது. இரு வீட்டாரும் வாழ்க்கையில் ஒரே தரம் ஒற்றுமையாக நின்றது அதில்தான். செயின்ட்-மிஷேலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டூப்ளெக்ஸ் வீடு வாங்கினார்கள். கீழ்வீட்டில் இவர்கள், மேல்வீட்டில் வாடகைக்கு ஆட்கள்.

பஸ் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற வருடம், வட்டார சபையின் நகரத் திட்ட ஆலோசனைக் குழுவுக்குச் சாதாரண குடிமக்களிலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்று தபாற்பெட்டியில் அறிவித்தல் வந்தது. குழு என்ற சொல்லைக் கண்டதும் ஆனந்தராசா மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நேர்முகத்தில், இந்த வட்டாரத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்களாம். எந்தெந்தச் சந்தியில் நீள பஸ் திரும்பாது என்று தெரியும் என்றாராம். எடுத்துவிட்டார்கள். அவருடைய பிரெஞ்சு பஸ் ஓட்டிப் பழகிய பிரெஞ்சு. கூட்டத்தில் அவர் வாய் திறந்தால், மற்றவர்கள் தங்களை அறியாமலே கதிரையை உள்ளுக்குத் தள்ளி இடம் விடுவார்கள்.

அந்தக் குழுவுக்கு முக்கியமான வேலை டெறொகாசியோன். கட்டடச் சட்டத்திலிருந்து சொற்பம் விலகிக் கட்டுவதற்கு வீட்டுச் சொந்தக்காரர்கள் கேட்கிற அனுமதிக்கு அங்கே அதுதான் பெயர். வேலிக்கு இத்தனை அடி விட வேண்டும் என்று சட்டம் சொல்லும், காணி அவ்வளவு அகலம் இருக்காது. அப்போது விண்ணப்பம் வரும். விலகல் சின்னதா, சட்டத்தை அப்படியே பிடித்தால் கேட்பவருக்குப் பெரிய பாதிப்பா, பக்கத்து வீட்டுக்காரரின் நிம்மதி கெடுமா, கேட்பவர் நேர்மையாக நடந்துகொண்டாரா என்று குழு பார்க்கும். கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்க்கும். பிறகு கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று சபைக்கு ஆலோசனை சொல்லும். தீர்மானிப்பது சபை.

இந்தக் கடைசி வசனத்தை ஆனந்தராசா எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி, நகரசபையில் எங்கள் குரல் என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே, பிரசாத வரிசையில் நின்ற ஒருவர் தன்னுடைய கார்க்கொட்டகையின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து நீட்டினார்.

ஆனால் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பக்காரர் சொந்தமோ நெருங்கிய பழக்கமோ என்றால், அதை வாய்விட்டுச் சொல்லி எழும்பி வெளியே போக வேண்டும். ஆனந்தராசா இதைக் கேட்டு அசந்து போனார். அவர் இருந்த கமிட்டிகளில் சொந்தக்காரரின் விசயம் வந்தால், சம்பந்தப்பட்டவர் தலைவர் கதிரைக்கு மாறி இருப்பதுதான் முறை. எழும்பிப் போவதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாக அவருக்குப் பட்டது. அதன் பிறகு தமிழ்ப் பெயர் எது வந்தாலும் எழும்பினார். எழும்பாமல் என்ன செய்வது? ஒருவரின் கலியாணத்தில் சாப்பிட்டிருப்பார், மற்றவரின் தகப்பனுடைய செத்தவீட்டில் பாடை காவியிருப்பார், இன்னொருவரோடு விளையாட்டுப் போட்டியில் சண்டை பிடித்திருப்பார். வெளியே நடைகூடத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாயும் ஒரு வாங்கும் இருந்தன. அந்த வாங்கு அவருக்கு நன்றாகப் பழகிவிட்டது. குழுவின் செயலாளர் றொக்சன், இருபது வருடத்தில் இவ்வளவு நேர்மையான ஓர் அங்கத்தவரைத் தான் கண்டதில்லை என்று பாராட்டினாள்.

ஊர் பாராட்டவில்லை. வீட்டு முன்முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடக் கேட்டு, இல்லை என்ற பதில் வாங்கிய நகுலேஸ்வரன், போகிற இடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னார். எங்கட ஆள் உள்ளுக்கு இருக்கிறார் எண்டு நம்பிப் போனன், என்ர பேர் வரவே அவர் தண்ணி குடிக்கப் போட்டார் என்று. அது பொய் இல்லை. ஆனந்தராசா தண்ணீரும் குடித்திருந்தார்.

இந்த நிலையில்தான் கௌரியின் பின்படி வந்தது.

கௌரி இரண்டு தெரு தள்ளி இருப்பவள். வீட்டில் கார்டெரி, அதாவது பிள்ளைகள் பராமரிப்பு நிலையம், நடத்துகிறாள். தெருவிலுள்ள ஹெயிட்டிக்காரர், தமிழர், அல்ஜீரியக்காரர் எல்லாருடைய குழந்தைகளும் அவளிடம்தான். கணவர் லொறி ஓடுகிறவர், வார இறுதியில் வருவார். கைக்குழந்தையோடு வந்த காலத்தில் ஆனந்தராசாவின் மேல்வீட்டில் இருந்தாள். இரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் குழந்தை துஷாந்தினி பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வைத்தபோது, தலைக்குத் தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் வேண்டும். கௌரியின் ஒரு சகோதரன் வன்னியில் காணாமற் போனவர், மற்றவருக்கு நோர்வேயிலிருந்து விசா கிடைக்கவில்லை. ஆனந்தராசா பட்டுவேட்டியோடு மாமனாக நின்றார். தேங்காய் உடைத்தார், தண்ணீர் வார்த்தார், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அந்த வீடியோ இன்றும் ஐந்து நாடுகளில் இருக்கிறது.

கௌரி வீட்டுப் பின்பக்க மரப்படி உக்கிப் போயிருந்தது. குழந்தைகள் வெளியேற இரண்டாவது வழி சரியாக இல்லாவிட்டால் கார்டெரி நடத்த முடியாது. புதுப்படி போட ஆள் பிடித்தாள். ஆடிமாதம் பிறப்பதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அவளுடைய அவசரம். ஆடியில் புது வேலை தொடங்குவது கூடாது. அனுமதி வரச் சுணங்கும் போல இருந்தது. ஒரு கலியாணவீட்டில் ஆனந்தராசாவைக் கண்டு, நல்ல நாளில் பழைய படியை உடைத்துத் தொடக்கி வைக்கலாமா என்று கேட்டாள். அவர் குழுக்குரலில் பதில் சொன்னார்.

"உடைக்கிறது உம்மட உரிமை. கட்டுறதுக்குத்தான் கேக்க வேணும்."

"ஆடியாவது ஆவணியாவது, பெர்மிட் வந்தாப் பிறகு உடையும்," என்று பக்கத்திலிருந்த மாக்கிரட் சொன்னாள். அவள் வேதக்காரி, அவளுக்கு ஆடி தெரியாது என்று விட்டுவிட்டார்கள்.

நல்ல நாளில், நல்ல நேரத்தில், கற்பூரம் கொளுத்திப் படியை உடைத்தார்கள். அதன் பிறகுதான் தெரிந்தது. அந்தப் படி சட்டத்துக்கு மூத்தது. இருந்த இடத்திலேயே வைத்துத் திருத்தியிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். உடைத்துவிட்டால் புதுப்படி புதுச் சட்டத்துக்குள் வந்துவிடும். புதுச் சட்டப்படி பக்கத்துக் காணிக்கு விட வேண்டிய இடைவெளி கௌரியின் காணியிலேயே இல்லை. இனி டெறொகாசியோன் கிடைத்தால்தான் படி, படி இருந்தால்தான் கார்டெரி. படி இல்லாமல் அந்தரத்தில் நின்ற பின்வாசலைப் பார்த்த அதிகாரி அன்றைக்கே கார்டெரியை நிறுத்தி வைத்தார். கோடை விடுமுறை என்பதால் தாய்தகப்பன்மார் சமாளித்தார்கள். செப்டம்பர் கடைசிக்குள் திறக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று எல்லாரும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

கௌரி ஆனந்தராசாவைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் இருக்கிறீங்கள்தானே அண்ணை என்று மட்டும் சொன்னாள். குற்றம் சொல்லியிருந்தால் அவர் நன்றாக நித்திரை கொண்டிருப்பார்.

யூலைக் கூட்டம் வந்தது. குழுவில் ஏழு பேர். ஒருவர் கஸ்பேசியில் கடலோரக் குடிலுக்குப் போய்விட்டார், ஒரு பெண் பேரப்பிள்ளையைப் பார்க்க இத்தாலிக்கு, இன்னொருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. மிச்சம் ஆனந்தராசாவோடு நாலு பேர். குழுவில் பாதிப் பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஏழில் பாதி மூன்றரை. அரை ஆளை எங்கே பிடிப்பது, ஆகவே நாலு. சரியாக இருந்தார்கள். கௌரியின் பெயர் வாசிக்கப்பட்டது. றொக்சன் வழக்கம் போல ஆனந்தராசாவைப் பார்த்தாள்.

அவர் எழும்பி நின்றார். இவர் என்னுடைய சகோதரி என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்று பிறகு அவரே மாக்கிரட்டிடம் சொன்னார். நடைகூடத்துக்குப் போய்த் தன் வாங்கில் அமர்ந்தார். இரண்டு நிமிடத்தில் கதவு திறந்து மற்ற மூன்று பேரும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். இவ்வளவு கெதியாக முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடியவில்லை, நீங்கள் போனதும் கூட்டத்துக்கு ஆள் காணாது, ஓகஸ்டுக்குத் தள்ளிவிட்டோம் என்றார்கள். நல்ல கோடைக்கு வாழ்த்துச் சொல்லிப் போனார்கள்.

மற்ற நாள் காலையில் கௌரி தொலைபேசி எடுத்தாள். உங்களுடைய சகோதரர் அங்கத்தவர் என்பதால் விசயம் பின்போடப்பட்டது என்று றொக்சன் அவளுக்கு அறிவித்திருந்தாள்.

"எனக்கு எந்தச் சகோதரன் அண்ணை அங்க இருக்கிறார்?"

"நான் தான்," என்றார் ஆனந்தராசா.

கொஞ்ச நேரம் தொலைபேசியில் குழந்தைகள் இல்லாத வீட்டின் சத்தம் கேட்டது.

"ஆர் உங்களைச் சொல்லச் சொன்னது?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருந்தால் நாலு பேர் இருந்திருப்பார்கள், கேட்டிருப்பார்கள், முடிந்திருக்கும். ஓகஸ்டிலும் அதே மூன்று பேரும் வர மாட்டார்கள். முழங்கால் அவ்வளவு கெதியாக மடங்காது, இத்தாலியில் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். செப்டம்பர் கூட்டம் வரை நின்றால், அதற்குப் பிறகு பொது அறிவித்தல், அதற்குப் பிறகு சபை. பனி விழுந்துவிடும். கௌரியிடம் ஒரு குழந்தையும் மிஞ்சாது.

ஆனந்தராசா றொக்சனிடம் போய், அந்தச் சகோதரி எப்படி வந்தாள் என்பதை விளக்கினார். மேல்வீடு, சாமத்தியவீடு, தலைக்குத் தண்ணீர், நோர்வே விசா. றொக்சன் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்படியென்றால் சட்டப்படி அவர் உங்களுக்கு யாருமே இல்லை, பிரச்சினை தீர்ந்தது என்றாள். ஓகஸ்டில் நீங்கள் வந்து, இந்தப் பெண்ணோடு எனக்குக் குடும்ப உறவோ விசேட நெருக்கமோ எதுவும் கிடையாது என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அறிக்கையில் பதிந்துவிட்டு நீங்களும் இருந்து வாக்களிக்கலாம்.

நல்ல செய்திதான். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த வசனத்தைப் பிரெஞ்சில் சொல்லிப் பழகினார். உச்சரிப்புத் திறமாக வந்தது. ஒரு இடக்கு மட்டும் இருந்தது. அந்த அறிக்கை பிறகு இணையத்தில் போடப்படும். நகுலேஸ்வரன் அதை எழுத்தெழுத்தாக வாசிப்பார். கௌரிக்கு நான் ஒருத்தனும் இல்லை என்று ஆனந்தராசா எழுதிக் கொடுத்தாராம் என்ற கதை அடுத்த வெள்ளிக்கிழமை பிரசாத வரிசையில் நிற்கும். துஷாந்தினிக்கு நாளைக்குக் கலியாணம் பேசினால், மாமன் என்று எந்த முகத்தோடு மேடையில் ஏறுவது? மேடையில் ஏறாமல் இருப்பதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. அது பாசமா, மேடையா என்று மாக்கிரட் கேட்டாள். இரண்டையும் அவர் அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை.

எதற்கும் கௌரியிடம் ஒரு சொல் கேட்டுவிடலாம் என்று போனார். அவள் கார்டெரி அறையில், சின்னக் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும் வரை அடுக்கினாள்.

"சொல்லுங்கோவன். அதில என்ன இருக்கு? சொன்னால் வேலை நடக்கும்தானே."

"உமக்கு ஒண்டும் இல்லையோ?"

"எனக்கு என்ன? நானும் பழகிப் பாக்கிறன்." கதிரையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இருங்கோ மிஸ்டர் ஆனந்தராசா. தேத்தண்ணி குடிப்பீங்களோ?"

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஆனந்தராசா தேத்தண்ணீர் குடிக்கவில்லை. குழந்தைகளுக்கான கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்டக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மாக்கிரட் கறிவேப்பிலைச் சாடியை வெய்யிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். இவர் நடந்ததைச் சொன்னார். சொல்லவும் முடியாது, சொல்லாமலும் முடியாது என்றார். றொக்சன் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லும்படி அவள் கேட்டாள். பாதிப் பேர் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"ஏழில பாதி நாலு. சரி. நீங்கள் கமிட்டியிலயே இல்லாட்டி?"

"இல்லாட்டி ஆறு பேர்."

"ஆறில பாதி?"

ஆனந்தராசா அவளைப் பார்த்தார். மூன்று. கஸ்பேசியும் இத்தாலியும் முழங்காலும் போக மிச்சம் இருப்பது சரியாக மூன்று பேர்.

"முப்பத்தைஞ்சு வரிசமா நீங்கள் இருந்த கமிட்டியளில," என்றாள் மாக்கிரட், "நீங்கள் விலகினால் ஒரு ஆளுக்கு உதவி எண்டு வந்தது இதுதான் முதல் தரம். யோசிக்காதேங்கோ."

அவர் யோசித்தார். இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தார். தன்னுடைய ஒரு வாக்கு, தன்னுடைய அனுபவம், சபை மண்டபத்துக்குள் நுழையும்போது காவலாளி சொல்கிற பொன்ஜூர், கதிரைக்கு முன்னால் வைத்திருக்கிற பெயர்ப்பலகை, அதில் தன்னுடைய நீளப் பெயர் மட்டும் இரண்டு வரியில் இருப்பது. எல்லாம் நினைவுக்கு வந்தன. இவ்வளவையும் வைத்துக்கொண்டு கௌரிக்குச் செய்யக்கூடிய ஒரே நன்மை எழும்பிப் போவதுதான் என்பது அவருக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கணக்குப் பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் றொக்சனிடம் போய் விலகுகிறேன் என்றார். காரணம் கேட்டாள். குடும்பக் காரணம் என்றார். றொக்சன் உண்மையாகவே கவலைப்பட்டாள். இப்படி ஒரு நேர்மையான ஆள் இனிக் கிடைக்க மாட்டார் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்.

ஓகஸ்டில் மூன்று பேர் கூடினார்கள். விலகல் சின்னது, காணி ஒடுக்கம், படி இல்லாவிட்டால் பாதிப்புப் பெரிது. பழையதை முன்கூட்டியே உடைத்தது நேர்மையீனமா என்று ஒருவர் கேட்டாராம். ஆடி என்றொரு மாதம் இருக்கிறது என்று கௌரி தன் விண்ணப்பத்தோடு விளக்கம் கொடுத்திருந்தாள். குழுவில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. இவ்வளவு விளங்காத ஒன்றைச் சூதாகச் செய்திருக்க முடியாது என்று முடிவெடுத்தார்கள். கொடுக்கலாம் என்று ஆலோசனை போனது.

செப்டம்பர் முதல் வாரம் சபை கூடியது. ஆனந்தராசா பொதுமக்கள் வரிசையில், கௌரிக்கும் மாக்கிரட்டுக்கும் பக்கத்தில் இருந்தார். அவர் அன்றைக்குக் காலையிலேயே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். இந்தக் கட்டத்தில் விருப்பமான எவரும் எழும்பிப் பேசலாம். இப்போது அவர் வெறும் குடிமகன். வாங்கில் போய் இருக்கத் தேவையில்லை. சட்டைப் பையில் நாலு வசனம் தயாராக இருந்தது. புலம்பெயர்ந்தோர், குழந்தைகள், எதிர்காலம் என்று தொடங்கும்.

கௌரியின் பெயர் வந்தது. இதைப் பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைமையிலிருந்து கேள்வி வந்தது. ஆனந்தராசாவின் முழங்கால் அசைந்தது. கௌரி அவர் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி, அவருடைய சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துக் காணிக்காரியான ஒடெட் என்ற ஹெயிட்டிக்கார முதியவள் எழும்பினாள். படி என் வேலிக்குக் கிட்ட வருவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, இரண்டு மாதமாகப் பின்வளவு செத்துப் போய்க் கிடக்கிறது, கெதியாக முடியுங்கள் என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள். சபையில் ஒருவரும் எதிர்க்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று வாசித்துவிட்டு, அடுத்ததாக ஒரு கடையின் விளம்பரப் பலகைக்குப் போய்விட்டார்கள். ஆனந்தராசாவின் நாலு வசனத்தில் முதலாவதைச் சொல்லி முடிக்கக்கூட அந்த நேரம் போதாது.

வெளியே வாசலில் கௌரி ஒடெட்டைக் கட்டிப் பிடித்தாள். றொக்சனுக்கு மெர்சி சொன்னாள். படி போடுகிறவனுக்கு அங்கேயே தொலைபேசி எடுத்து, நாளைக்குக் காலமை வாரும் என்றாள். நாள் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஆனந்தராசாவிடம் வந்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. யூலையிலயே விலகியிருந்தால் பிள்ளையள் இப்ப வந்திருக்குங்கள், என்ன?"

மாக்கிரட் வேறு பக்கம் பார்த்தாள். ஆனந்தராசா கணக்கை மனதுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தார். ஆறு, அதில் பாதி மூன்று. அப்போதும் சரியாக மூன்று பேர் இருந்தார்கள்.

"ஓம்," என்றார்.

"சரி, ஏறுங்கோ. வீட்டை கொண்டுபோய் விடுறன்."

கௌரியின் வானில் முன் இருக்கையில் மாக்கிரட் ஏறிக்கொண்டாள். பின்பக்கம் முழுக்கக் குழந்தைகளின் இருக்கைகள் பூட்டிக் கிடந்தன. கழற்ற வேண்டாம், நாளைக்கு இல்லாவிட்டாலும் வாற கிழமை தேவைப்படும் என்றாள் கௌரி. நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் ஆனந்தராசா ஒருக்களித்து உள்ளே போனார். அவர் கதவைச் சாத்துவதற்கு முன்பே வான் புறப்பட்டுவிட்டது.